தொண்டர் வந்தால் போதுமா?

ஒருவர் எழுதிய நிரலை எவரும் படிக்கலாம். குறை கண்டால் திருத்தலாம். திருத்தியதைப் பிறர்க்கும் வழங்கலாம். இவ்வுரிமையின்மேல் எழுந்தவையே திறவூற்று மென்பொருள்கள். 1983-இல் அமெரிக்காவில் இரிச்சர்டு இசுட்டால்மன் அறிவித்த குனூ திட்டமும், 1991-இல் பின்லாந்தின் எல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த இலினசு தோர்வால்ட்சு வெளியிட்ட இலினக்சும் இந்நெறியை உலகெங்கும் பரப்பின. (இசுட்டால்மன் ‘கட்டற்ற மென்பொருள்’ என்னும் பெயரையே ஏற்பார். அவ்வழக்கு வேறு, இங்கு வேண்டா.) பெரிய திட்டங்கள் சிலவற்றுக்கு நிறுவனங்கள் ஊதியங்கொடுத்து ஆள் அமர்த்தியுள்ளன. ஆயின் அவற்றுக்கு அடியில் கிடந்து தாங்கும் சிறு நிரல்கள் எத்தனையோ, ஓரிருவரின் ஓய்வுநேர உழைப்பிலேயே நிற்கின்றன. அவ்வோரிருவர்க்குப் பின் யார் என்னும் வினாவுக்கு விடை காணாமலே காலம் ஓடிற்று.

2024 மார்ச்சுத் திங்கள் 29-ஆம் நாள் வெளிப்பட்ட எக்சு-செட் செய்தி அவ்வினாவின் கூர்மையைக் காட்டிற்று. கோப்புகளைச் சுருக்கும் அச்சிறு கருவியைப் பின்லாந்துத் தொண்டர் ஒருவர் பல்லாண்டுகளாகத் தனியே பேணிவந்தார். பணி சுணங்குகிறதென்றும், பொறுப்பைப் பிறர்க்கு விடுக என்றும் 2022-இல் முன்பின் அறியாப் பெயர்கள் சில அவரை நெருக்கின. 2021 முதலே திருத்தங்களை அனுப்பிவந்த ‘சியா தான்’ என்னும் பெயருடையார் மெல்ல மெல்ல உடன்பொறுப்பாளர் ஆனார். 2024 தொடக்கத்தில் வெளிவந்த இரு பதிப்புகளில் அப்பெயருக்குரியார் கள்ளவழி ஒன்றைப் புதைத்து வைத்தார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும்போது ஏறத்தாழ அரை நொடித் தாழ்ப்பு நேர்வதை மைக்ரோசாப்ட்டுப் பொறியாளர் ஆந்திரேசு பிராயிண்டு கண்டார், விடாது துருவினார், களவு பிடிபட்டது. அரை நொடிதானே என்று அவர் விட்டிருப்பின், உலகின் எண்ணற்ற வழங்கிக் கணினிகளுக்குள் அக்கள்ளவழி புகுந்திருக்கும்.

இதனைக் காட்டி, புதியவரை உள்ளே விடுவதே தவறு என்பாருளர். அஃது நோயை மருந்தென்றும் மருந்தை நோயென்றும் கொள்வதாகும். புதியவர் வந்ததனால் களவு நுழையவில்லை. வந்தவர் ஒருவரே ஆனதனாலும், அவரை விட்டால் பேணுநர்க்கு வேறு துணை இல்லாமையாலும் நுழைந்தது. ஐவரோ அறுவரோ அப்பணியிற் பயிற்றப்பட்டிருப்பின், ஒருவர் எழுதியதை மற்றவர் படித்திருப்பர். நெருக்கினார்க்கு மறுமொழி கூறவும் ஆள் இருந்திருக்கும். பத்தாண்டுக்கு முன்னர், 2014-இல் ஓப்பன்-எசு-எசு-எல் நிரலில் ‘ஆர்ட்பிளீடு’ எனப்பட்ட ஓட்டை வெளிப்பட்டபோதும் இதே பாடந்தான். இணையத்தின் கமுக்கங்களைக் காக்கும் அந்நிரலுக்கு முழுநேரப் பணியாளர் ஒருவரே இருந்தார் என்று அன்று உலகம் வியந்தது. வியந்து என்ன பயன்?

‘வாயில் திறந்திருக்கிறது, வருக’ என்று பலகை தொங்கவிட்டால் எவரும் வந்து தங்கிவிடார். ஆர்வமுள்ள இளைஞர் ஒருவர் வருகிறார் என்று கொள்க. முதலில் நிரலைத் தம் கணினியில் தொகுத்து இயக்க முனைகிறார். வழிகாட்டுக் குறிப்போ ஈராண்டுப் பழமையது. அதிற் சொல்லிய துணைக்கருவி இன்று வழக்கில் இல்லை. இரண்டு மாலைப்பொழுது அதிலேயே கழிகின்றது. அதனைக் கடந்து ஒரு திருத்தம் செய்து விடுத்தால் மூன்று கிழமை மறுமொழியில்லை. நான்காங் கிழமை வருவதோ, ‘இடைவெளி முறையாக இல்லை’ என்னும் ஒற்றை வரி. அவர் மீண்டும் வராமைக்கு அவரது சோம்பலைக் கரணியமாகக் கூறுவது எளிது, அறமன்று.

இதற்கு மாறான வழியை இலிப்ரே ஆபீசு காட்டியுள்ளது. செருமனியில் இசுடார் ஆபீசு என்று பிறந்து, 1999-இல் சன் நிறுவனத்தின் கைக்குப் போய், ஓப்பன் ஆபீசு எனத் திறந்து விடப்பட்ட நிரலினின்று, 2010 செப்டம்பரில் தொண்டர்கள் பிரிந்து வந்து நிறுவியது அது. முன்பு, எழுதிய நிரலின் உரிமையை நிறுவனத்துக்கும் எழுதிக் கொடுத்தாலன்றி உள்ளே செல்லவியலாது. பிரிந்தவர்கள் அத்தடையை நீக்கினர். அதனினும் சிறந்தது அவர்கள் வகுத்த ‘எளிய பணிகள்’ என்னும் பட்டியல். பட்டறிவுள்ளார் அரை மணியில் முடிக்கத்தக்க சிறு வேலைகளைத் தாம் முடித்துவிடாமல் புதியவர்க்கென்று விட்டுவைத்தனர். ஒவ்வொரு பணிக்கும் அஃது எந்தக் கோப்பில் உள்ளது, எத்துணைக் கடினம், எந்நிரல்மொழி தெரியவேண்டும் என்று குறித்தனர். கற்பிப்பவன் தானே செய்துவிட்டால் விரைவில் முடியும் என்பது உண்மையே. ஆயின் அடுத்த முறையும் அவனே செய்யவேண்டும்.

அப்பட்டியலில் நெடுநாள் இருந்த பணியொன்று தமிழன்பர்க்குச் சுவை தரும். பழைய நிரலின் இடையிடையே பொறியாளர் எழுதி வைத்த விளக்கக் குறிப்புகள் செருமன் மொழியில் இருந்தன. தம் தாய்மொழியில் எண்ணி, தம் தாய்மொழியிலேயே குறிப்பெழுதிய நிரலாளர் அவர்கள்! உலகெங்குமிருந்து வந்த புதியவர்க்கு அது விளங்காமையின், பல்லாயிரம் வரிகளை ஆங்கிலத்திற் பெயர்க்கும் வேலை அவர்களிடமே விடப்பட்டது. நிரலெழுத அறியாதவரும் அதனைச் செய்தனர். செய்யுங்கால் நிரலை எடுக்கவும், மாற்றவும், விடுக்கவும், ஆராய்வாரோடு உரையாடவும் தாமே பழகினர். அத்திட்டத்தைப் பேணும் செருமனி அறக்கட்டளை, பின்னாளிற் புதியவர்க்கு வழிகாட்டுவதற்கென்றே ஊதியங்கொடுத்து ஆசான் ஒருவரை அமர்த்தியது. வழிகாட்டுதலும் பணியே, ஓய்ந்த நேரத்துச் சலுகையன்று என்பதை ஏற்ற செயல் அது.

அழைக்கும் முறையிலும் திருந்த வேண்டியது உண்டு. கூகுள் 2005-இல் தொடங்கிய கோடைத் திட்டத்தின்வழி 2006-இல் குனோம் திட்டத்துக்கு வந்த வேண்டுகைகள் 181. அவற்றுள் பெண்டிருடையது ஒன்றுமில்லை. பெண்டிர்க்கு ஆர்வமில்லை என்று கைகழுவாமல், அவர்க்கென்றே குனோம் தனியே அழைப்பு விடுத்தது, வேண்டுகைகள் குவிந்தன. அம்முயற்சியே பின்னர் அவுட்ரீச்சி என்னும் பெயரில் வளர்ந்து, ஒதுக்கப்பட்ட பிறரையும் தழுவிக்கொண்டது. அதிற் சேர விரும்புவார், தேர்வுக்கு முன்னரே ஆசானின் துணையோடு சிறு பணியொன்றைச் செய்து காட்டவேண்டும். மூன்று திங்கள் உதவித்தொகை முடிந்ததும் பறந்துவிடுவார் சிலர் உண்டென்பது மெய். பறந்தவரைக் குறைகூறுமுன், மூன்று திங்களுக்குப்பின் அவருக்கு ஒரு மடலேனும் எழுதினார் உளரா என்று வினவவேண்டும்.

கடுஞ்சொல்லைப் பற்றி மிக எழுத வேண்டுவதில்லை. தம் மடல்களின் கடுமைக்கு 2018-இல் தோர்வால்ட்சே வருத்தந் தெரிவித்துச் சின்னாள் ஒதுங்கியிருந்தார். இலினக்சுக் கருநிரற் குழுவும் நடத்தை நெறியொன்றை ஏற்றுக்கொண்டது. குற்றத்தைச் சுட்டுதல் வேறு, குற்றஞ் செய்தாரைச் சுடுதல் வேறு. வகுப்பறையில் நின்ற எவரும் இதனை அறிவர்.

இனிமை என்பது ஆராயாமல் ஏற்பதன்று. தெபியன் திட்டத்தில் புதியவர் உருவாக்கும் மென்பொருட் பொதியைப் பட்டறிவுள்ளார் ஒருவர் ஆராய்ந்து தம் கையொப்பத்தோடு ஏற்றுகிறார். முழு உறுப்பினராகு முன், அவர் இன்னாரென்று முன்னைய உறுப்பினர் சான்றளிக்க வேண்டும். நம்பிக்கையைச் சிறிது சிறிதாக ஈட்டும் இம்முறை எக்சு-செட் போன்ற தனித்தொண்டர் திட்டங்கட்கு இல்லாது போயிற்று. ஒருவரே எல்லாமாய் இருக்குமிடத்தில் யார் யாரை ஆராய்வது?

தமிழ்நாட்டுக்கும் இதில் நேர்த்தொடர்பு உண்டு. குனோம், கே.டி.இ., இலிப்ரே ஆபீசு, பயர்பாக்சு ஆகியன தமிழ் முகப்போடு தோன்றுவது தொண்டர்களின் உழைப்பால். புதிய பதிப்புத்தோறும் புதிய வரிகள் சேரும். செய்தவர் ஓய்ந்து, வேறொருவர் பயிற்றப்படாதிருப்பின், பாதி தமிழும் பாதி ஆங்கிலமுமாய்த் திரை நிற்கும். 2012 முதல் ‘கணியம்’ இந்நுட்பங்களைத் தமிழிலேயே எழுதி வழிகாட்டி வருகிறது. அதனைப் படித்து முன்வரும் மாணவர்க்குச் சொற்றெரிவிலும் புணர்ச்சியிலும் துணை நிற்பதற்குத் தமிழாசிரியர் நிரலறிந்திருக்க வேண்டுவதில்லை. ஒரு பள்ளிக்கு ஓராசிரியர், கிழமைக்கு ஒரு மணி. இருபது வரிகளைப் பார்த்து, ஏன் திருத்தினார் என்பதையும் எழுதி, அக்கிழமைக்குள்ளேயே திருப்பி அனுப்பிவிட்டால், அம்மாணவர் அடுத்த இருபது வரிகளோடு வருவார்.