பாதி மாத்திரை

"ராத்திரி பாதி போட்டுக்கோம்மா, சரியாயிடும்." ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு டாக்டர் எனக்குத் தந்த மொத்த விளக்கம் இவ்வளவுதான். அந்தப் பாதி, அல்பிரசோலம். அன்றிரவு படபடப்பு அடங்கித் தூங்கினேன். பாதி ஒன்றானது, ஒன்று இரண்டானது. ஒருநாள் மாத்திரை தீர்ந்துபோனபோது கை நடுங்கியது. பழைய பயம் இரண்டு மடங்காகத் திரும்பியது. நோய் முற்றிவிட்டது என்று நினைத்தேன். மாத்திரையை நிறுத்தியதால் வருவது அது என்று சொல்ல ஆளில்லை.

அல்பிரசோலம், குளோனசெபாம் எல்லாம் விஷமில்லை. நெருக்கடியில் சில நாள், மிஞ்சினால் இரண்டு முதல் நான்கு வாரம், அவ்வளவுக்குத்தான் அவை. வருஷக்கணக்கான பதற்றத்துக்கு மருந்து என்றால் முதலில் யோசிக்க வேண்டியது எஸ்சிடலோபிராம், செர்ட்ரலின் போன்றவற்றை. அவை மெதுவானவை. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும்; தொடக்கத்தில் குமட்டும், பதற்றம் கூடக்கூடச் செய்யலாம். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் என்ன ஆகும்? நாலாம் நாளே 'ஒத்துக்கல' என்று தூக்கிப்போட்டுவிட்டு அந்தப் பாதிக்கே திரும்புவோம். நான் திரும்பினேன்.

வீட்டில் இன்னொரு கூத்து. செர்ட்ரலினைப் பார்த்ததும் அம்மா, "இதுக்கு அடிமையாயிடுவடி" என்றாள். அதே வீட்டில் அத்தை பல வருஷமாக 'தூக்க மாத்திரை' போடுகிறார். அதுவும் அல்பிரசோலம்தான். அதை யாரும் அடிமைத்தனம் என்பதில்லை. பயம் நியாயம்தான், மாத்திரைதான் மாறிப்போச்சு.

'ஓ.பி.யில் கூட்டம், பேச நேரமில்லை' என்பார்கள். ஆஸ்துமா இருக்கா, குடிப்பீங்களா, கர்ப்பமா என்று கேட்க எவ்வளவு நேரமாகும்? ஆஸ்துமாக்காரருக்குப் படபடப்பு அடங்க ப்ரோப்ரனலால் எழுதினால் மூச்சே அடைக்கலாம். கேட்காமல் எழுதுவதற்குப் பெயர் தேர்வு இல்லை. மாத்திரை மட்டுமா வழி? சி.பி.டி. என்ற பேச்சு சிகிச்சையும் பதற்றத்துக்குப் பலன் தருவதுதான். அப்படி ஒன்று இருப்பதாகவே எனக்கு யாரும் சொல்லவில்லை.

சிகிச்சை என்ன, பக்கவிளைவு என்ன என்று தெரிந்துகொள்வது நோயாளியின் உரிமை என்கிறது 2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டம். அது டாக்டர் மனசு வைத்துச் செய்யும் உபகாரம் இல்லை. அடுத்த முறை சீட்டை வாங்கியதும் எழுந்துவிடாதீர்கள். 'இது எதுக்கு? எத்தனை நாள்? எப்படி நிறுத்துறது?' என்று மூன்று கேள்வி கேளுங்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

ஒன்று மட்டும்: இதைப் படித்துவிட்டு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தாதீர்கள். வலிப்புகூட வரலாம். டாக்டர் மேற்பார்வையில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும். எனக்கு ஏழு மாதம் ஆனது.