பெயரின் வாலைப் பார்த்து மருந்து வாங்க முடியுமா?

தெருமுனை மருந்துக்கடையில் லைசென்ஸைச் சுவரில் மாட்டியிருப்பார்கள். சந்தேகம் வந்தால், ‘என்ன சார், போன மாசம் வேற கலர் மாத்திரை கொடுத்தீங்களே?’ என்று நேரிலேயே கேட்டுவிடலாம். இன்டர்நெட்டில் வாங்கும்போது யாரைக் கேட்பது? கண்ணில் படுவதெல்லாம் அழகான படமும் ‘தள்ளுபடி’ என்ற கொட்டை எழுத்தும்தான்.

‘டாட் காம்’ என்று முடியும் பெயரைப் பணம் கட்டினால் யாரும் வாங்கலாம். லைசென்ஸ் இருக்கிறதா என்று ஒருவரும் கேட்பதில்லை. போலி மருந்துக்காரனுக்கு இதைவிட வசதி வேண்டுமா?

அமெரிக்காவில் ஒரு வழி கண்டார்கள். அங்குள்ள மாநில மருந்தியல் வாரியங்களின் தேசியச் சங்கம், 2014-ல் ‘டாட் பார்மஸி’ என்ற பெயர் முடிவைத் தன் பொறுப்பில் வாங்கியது. கேட்டவுடன் பெயர் கிடைக்காது. லைசென்ஸ் செல்லுமா, டாக்டர் சீட்டு இல்லாமல் மாத்திரை விற்கிறார்களா என்றெல்லாம் முதலில் பார்ப்பார்கள். விதியை மீறினால் பெயர் பறிபோகும். அந்தச் சங்கம் பரிசீலித்த மருந்துத் தளங்களில் சுமார் 95 சதவீதம் விதிகளுக்குப் புறம்பானவை என்றால், இந்தக் கெடுபிடி அவசியம்தானே!

ஆனால் ஒன்று. ‘டாட் கிளினிக்’, ‘டாட் டென்டிஸ்ட்’ போன்றவற்றுக்கு இப்படிப்பட்ட சோதனை கிடையாது. பல் டாக்டராக இல்லாதவரும் வாங்கலாம். பெயரில் மருத்துவ வாடை அடிப்பதால் மட்டும் நம்பிவிடாதீர்கள்.

நம் நாட்டிலும் முன்மாதிரி இருக்கிறது. வங்கிகளெல்லாம் 2025 அக்டோபர் 31-க்குள் ‘டாட் பேங்க் டாட் இன்’ என்ற பெயருக்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கெடு வைத்தது. வங்கிகளைத் தவிர வேறு யாருக்கும் அந்தப் பெயர் கிடையாது. பணத்துக்கு இவ்வளவு காவல் போட முடிகிறதே, உயிர் காக்கும் மருந்துக்குப் போடக்கூடாதா?

‘சின்னக் கடைக்காரர் இதுக்கெல்லாம் எங்கே போவார்?’ என்று கேட்பீர்கள். நியாயம்தான். அதனால்தான் இதை அரசே குறைந்த கட்டணத்தில் நடத்த வேண்டும் என்கிறோம். லைசென்ஸ் வைத்திருக்கும் சின்னக் கடைக்கும் இதனால் மரியாதை கூடும்.

அதுவரை காவல் நம் கையில்தான். லைசென்ஸ் எண்ணும் முகவரியும் இல்லாத தளம் வேண்டாம். டாக்டர் சீட்டு கேட்காமலே ஆன்டிபயாடிக் தருகிறேன் என்றால், உடனே மூடிவிடுங்கள். மருந்து வந்ததும் பில்லில் உள்ள பேட்ச் எண்ணை அட்டையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தள்ளுபடி என்றதும் அவசரப்பட வேண்டாம், உடம்பு நம்முடையது!