குட்டி யானைக்கு டயர் வாங்கிய கதை

சிந்தாதிரிப்பேட்டைக்காரனுக்கு வண்டி சாமான் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம் என்று எங்களுக்கு ஒரு நினைப்பு உண்டு. கூவத்தைத் தாண்டினால் புதுப்பேட்டை, இந்தப் பக்கம் நடந்தால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. வேறென்ன வேண்டும்? 1734-ல் நெசவாளர்களைக் குடியேற்றி உண்டாக்கின பேட்டை. சின்னத் தறிப் பேட்டை என்பதுதான் இப்படி ஆச்சு என்பார்கள். இப்போ தறிச் சத்தம் இல்லை, ஸ்பேனர் சத்தம்தான். அந்த நினைப்பில் நான் மண்ணைக் கவ்வின கதைதான் இது.

என் தாய்மாமாவிடம் 2009 மாடல் டாடா ஏஸ் ஒன்று இருக்கிறது. நம்ம பாஷையில் குட்டி யானை. விடிகாலை காசிமேட்டில் மீன் ஏற்றி சிந்தாதிரிப்பேட்டை மார்க்கெட்டில் இறக்குவார். அதுதான் வீட்டுக்கு வருமானம். போன வருஷம் எஃப்.சி.க்கு முன்னாடி பின் டயர் ரெண்டும் மொட்டை. "இன்னாடா மாப்ள, பி.காம். படிக்கிறியே, ஒரு கணக்கு போட்டு சொல்லு" என்றார். நானும் பெரிய ஆடிட்டர் மாதிரி, "புதுசு எதுக்கு மாமா, செகண்ட் ஹேண்ட் ரெண்டு போடுங்க, மூணுல ஒரு பங்கு விலைதானே" என்றேன். போட்டார். எஃப்.சி. ஆச்சு.

ரெண்டு மாசம் கூட ஆகலை. ராயபுரம் பக்கம் முழு லோடோடு வரும்போது இடது பின் டயர் வெடித்தது. யாருக்கும் அடி இல்லை, அது முருகன் புண்ணியம். ஸ்டெப்னி மாட்டி வருவதற்குள் ஐஸ் உருகி, மார்க்கெட் நேரம் போய், அன்றைய வாடகையும் போய், மீனுக்கும் மாமாதான் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் கூட பரவாயில்லை.

அப்புறம்தான் அந்த டயரைப் புரட்டிப் பார்த்தேன். பக்கச் சுவரில் ஒரு சின்ன நீள்வட்டத்துக்குள் நாலு இலக்க எண் இருக்கும். 2317 என்றால் 2017-ம் வருஷம் 23-வது வாரம் செய்தது. எங்களுக்குக் கிடைத்தது எட்டு வருஷக் கிழடு. பட்டன் ஆழமாகத்தான் இருந்தது, ஆனால் அது தேய்ந்த டயரில் சூடான கத்தியால் வெட்டின கோடு. இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. கோடுகளுக்குள் ஆங்காங்கே சின்ன மேடு வைத்திருப்பார்கள், தேய்மானம் தெரிவதற்கு. கார், லோடு வண்டிக்கெல்லாம் பட்டன் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் இருக்க வேண்டும் என்பது மோட்டார் வாகன விதி. அந்த மேட்டின் மட்டத்துக்குத் தேய்ந்தால் டயர் கதை முடிந்தது. கத்தியால் வெட்டினால் மேடும் சேர்ந்து போய்விடும். எந்தக் கோட்டிலும் மேடே இல்லாத டயரைப் பார்த்தால் அப்படியே திரும்பி நடையைக் கட்டுங்கள். புதுப்பேட்டையில் கதவு வாங்கலாம், கண்ணாடி வாங்கலாம், நான் இன்னமும் வாங்குவேன். லோடு வண்டிக்கு டயர் மட்டும் வேண்டாம் என்பது என் கட்சி.

அடுத்து புதுசு வாங்கப் போனபோது ஊரே யோசனை சொன்னது. ஒருத்தர் "மாருதி 800 டயரைப் போடு, அதுவும் 12 இஞ்ச்தானே" என்றார். அங்கேதான் வம்பு. மாருதி 800 டயர் 145/70 ஆர் 12, தாங்கும் எண் 69. அதாவது ஒரு டயருக்கு 325 கிலோ. நாலு டயருக்கு 1,300. குட்டி யானையின் மொத்த எடை, அனுமதித்த லோடோடு, 1,550 கிலோ. நம்மாள் அனுமதித்த லோடோடு என்றைக்கு நிறுத்தியிருக்கிறான்? :-) அதற்கென்று இருப்பது 145 ஆர் 12 எல்.டி., 8 பி.ஆர். அதில் தாங்கும் எண் 86 என்று இருந்தால் 530 கிலோ. ஒரே 12 இஞ்ச், ஆனால் உள்ளே வேறு சரக்கு.

இன்னொருத்தர் 13 இஞ்ச் அலாய் வீல், 155/80 டயர் என்றார், வண்டி கெத்தா இருக்குமாம். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். சக்கர உயரம் சுமார் 543 மில்லிமீட்டரிலிருந்து 578 ஆகிறது. ஆறு சதவீதத்துக்கு மேல் கூடுதல். மீட்டர் 40 காட்டும்போது வண்டி 42-ஐத் தாண்டி ஓடும். 702 சி.சி., 16 குதிரை சக்தி இன்ஜின், லோடோடு மேம்பாலம் ஏறும்போது அந்த ஆறு சதவீதத்தையும் அதுதான் இழுக்கணும். பாவம் இல்லையா?

பணம் போட வேண்டிய இடம் ரிம்தான், யாரும் சொல்லாத இடம் அது. மீன் வண்டியில் உப்பும் ஐஸ் தண்ணியும் ராப்பகலாகச் சொட்டும். டயர் உட்காரும் விளிம்பில் துரு ஏறினால் டியூப்லெஸ்ஸில் காற்று கசியும், டியூப் போட்டிருந்தால் அதை அறுக்கும். காற்று குறைந்த டயர் சூடாகும், சூடான டயர் வெடிக்கும். எங்கள் பின் ரிம் ரெண்டும் அப்படித்தான் இருந்தது. ரெண்டும் புது இரும்பு ரிம், கம்பெனி அளவு. அலாய்க்கு ஆகிற காசு மிச்சம்.

ரீட்ரெட் பற்றிக் கேட்பீர்கள். நான் அதற்கு எதிரி இல்லை. நம்ம எம்.ஆர்.எஃப். 1946-ல் திருவொற்றியூரில் பலூன் செய்ய ஆரம்பித்து, 1952-ல் ரீட்ரெட் ரப்பருக்கு வந்து, அப்புறம்தான் டயரே செய்தது. பஸ், லாரி டயருக்கு அது சரியான கணக்கு. 12 இஞ்ச் டயருக்கு புது விலைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் நிற்காது.

இப்போ காமர்ஸ் கிளாஸ்மேட்ஸுக்கு. விலையைப் பார்க்காதே, கிலோமீட்டருக்கு எவ்வளவு என்று பார். ஒரு பேச்சுக்கு, 1,200 ரூபாய் பழைய டயர் 8,000 கிலோமீட்டர் ஓடினால் கிலோமீட்டருக்கு 15 பைசா. 3,600 ரூபாய் புது டயர் 36,000 ஓடினால் 10 பைசா. வெடித்த நாளின் வாடகையை நான் இதில் சேர்க்கவே இல்லை. காஸ்டிங் பேப்பரில் இதைச் சரியாக எழுதி மார்க் வாங்கினவன்தான் மாமாவிடம் உல்டாவாகச் சொன்னேன் என்பது வெட்கக்கேடு. 2025 செப்டம்பரில் டயருக்கு ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 ஆனது மாமாவுக்கு நிஜமான லாபம். பதிவு இல்லாத ஆள், கட்டின வரியை எதிலும் கழிக்க முடியாது. வரிக்கு முன் 3,000 என்றால் டயருக்கு 300 ரூபாய் மிச்சம்.

நாலும் புதுசு போட்டாச்சு. பில் போடுவதற்கு முன் நாலு டயரின் தேதி எண்ணையும் நான் குனிந்து படித்ததில் கடைக்காரருக்குக் கொஞ்சம் கோபம். நாலாவது ஒன்றரை வருஷப் பழசு, மாற்றிக் கொடுத்தார். மாமா வெளியே டீ குடித்துக்கொண்டு, "அந்த ஸ்டெப்னியையும் பார்த்துடு மாப்ள" என்றார். பார்த்தேன். 2014.