நாளைக்கு 100 ரூபாய் கட்டச் சொல்லுங்க

பெரிய கம்பெனிகளோட வாடிக்கையாளர் சேவை கெட்டுப்போச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க. எனக்கு அந்த வார்த்தையே பிடிக்கலை. பால் கெட்டுப்போகும், தயிர் கெட்டுப்போகும். யாரும் கவனிக்காம விட்டா தானா நடக்கிறது அது. இந்தச் சேவையை யாரும் கவனிக்காம விடலை. கணக்குப் போட்டு, சம்பளத்துக்கு ஆள் வெச்சு, இப்படித்தான் இருக்கணும்னு செஞ்சு வெச்சிருக்காங்க. நாம காத்திருக்கிற ஒவ்வொரு நாளும் நமக்குச் செலவு. அவங்களுக்கு ஒரு பைசா செலவில்லை. சொல்ல வந்தது இவ்வளவுதான். மிச்சமெல்லாம் இதை எப்படித் தெரிஞ்சுக்கிட்டேங்கிற கதை.

டவுன்ல இருக்கிற உங்களுக்கு ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின், இன்டர்நெட். எனக்கு போர்வெல் மோட்டார். தாராபுரத்துக்குத் தெற்கே எங்க காடு. 60 சென்ட்ல சின்ன வெங்காயம் போட்டிருந்தேன். போன கார்த்திகையில வாங்கின ஏழரை எச்.பி. சப்மெர்சிபிள் மோட்டார், 38,000 ரூபாய், ஒரு வருஷம் வாரண்ட்டி. எட்டாவது மாசம், ஆடியில, நின்னு போச்சு. எங்க பக்கத்து ஆடிக் காத்து பத்தித் தெரிஞ்சவங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காலையில பாய்ச்சின தண்ணி மறுநா சாயங்காலம் மண்ணுல இருக்காது. வெங்காயம் நட்டு 45 நாள், திரளுற நேரம். நாலு நாளைக்கு ஒரு தண்ணி கண்டிப்பா வேணும்.

கம்பெனிக்குப் போன் போட்டேன். தமிழுக்கு எண் மூன்றை அழுத்தவும். அழுத்தினேன். புதிய தயாரிப்புகளை வாங்க எண் ஒன்றை அழுத்தவும். இதைக் கொஞ்சம் கவனிங்க. வாங்கறதுக்கு முதல் நம்பர், ரிப்பேருக்கு அஞ்சாவது நம்பர். அப்பறம் பாட்டு. பாட்டுக்கு நடுவுல, உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது. பதினெட்டு நிமிஷம் முக்கியமா இருந்தேன். கடைசியா ஒரு அம்மிணி பேசுச்சு. நல்ல புள்ளைதான், குரல்லயே மரியாதை இருந்தது. பேர், ஊர், பின்கோடு, மோட்டார் சீரியல் நம்பர் எல்லாம் கேட்டு ஒரு புகார் எண் கொடுத்துச்சு. "48 மணி நேரத்துல டெக்னீஷியன் வருவாங்க சார்"னு சொல்லுச்சு. வரலைன்னா என்ன கண்ணு பண்றதுன்னு கேட்டேன். "திரும்ப இதே நம்பருக்குக் கூப்பிடுங்க சார்."

அந்தப் புள்ளை மேல எனக்குக் கோவம் இல்லை. அதுக்குக் கேட்கிற அதிகாரம் மட்டும்தான் கொடுத்திருக்காங்க, முடிவெடுக்கிற அதிகாரம் இல்லை. முடிவெடுக்கிறவர் நம்பர் அதுக்கே தெரியாது. நம்ம ஏச்சை வாங்கிக்கிறதுக்கு மாசச் சம்பளத்துக்கு உட்கார வெச்ச புள்ளை அது. உங்க வீட்டுப் புள்ளையாக்கூட இருக்கலாம்.

எங்க ஊர்ப் பக்கம் மோட்டார் காயில் கட்டுற கடைகள் இருக்கு. மூணாவது கிலோமீட்டர்ல இருக்கிறவர் ரெண்டு நாள்ல கட்டிக் கொடுத்துடுவார். ஞாயித்துக்கிழமையும் கடை உண்டு. அவர்கிட்ட கொடுத்திருக்கலாமேன்னு நீங்க கேட்பீங்க. வெளி ஆள் மோட்டாரைத் திறந்தா வாரண்ட்டி செல்லாதுன்னு அட்டையில அச்சடிச்சிருக்கு. செய்யத் தெரிஞ்சவன்கிட்ட கொடுக்கக் கூடாது, செய்ய வேண்டியவன் வரமாட்டான். இதுக்குப் பேர் உத்தரவாதமாம்.

ஒன்பதாவது நாள் ஒரு தம்பி பைக்ல வந்தார். கம்பெனி ஆள் இல்லை, கம்பெனிக்கு ஒப்பந்தத்துல வேலை செய்யற ஒரு ஏஜென்சியோட ஆள். மேலேயே வயர்ல மெக்கர் வெச்சுப் பார்த்தார். காயில் போயிருக்கு, மோட்டாரை மேல தூக்கி கோயமுத்தூர் சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுவாங்கன்னார். 600 அடியில இருந்து மோட்டார் தூக்கறதுன்னா வண்டி வெச்சுத் தூக்கணும். தூக்கக் கூலி, திரும்ப இறக்கக் கூலி, கோயமுத்தூருக்கு வண்டி வாடகை. மூணும் வாரண்ட்டியில வராது. சரின்னு கேட்டுக்கிட்டேன். போறப்ப, "உங்க போனுக்கு ஒரு ஓ.டி.பி வந்திருக்கும், சொல்லுங்கய்யா"ன்னார்.

எதுக்கு தம்பின்னேன். வேலை முடிஞ்சதுக்கான ஓ.டி.பியாம். வேலை எங்க முடிஞ்சது? மோட்டார் இன்னும் 600 அடிக்குக் கீழ கிடக்குது. அந்தத் தம்பி பாவம், ஓ.டி.பி போட்டாத்தான் வந்துபோன காசு தனக்குக் கிடைக்கும்னு நின்னார். நான் சொல்லலை. அவருக்கு மோர் கொடுத்து, பெட்ரோலுக்கு என் கைக்காசு 200 ரூபாய் கொடுத்து அனுப்பிட்டேன். மறுநாள் காலையில மெசேஜ் வருது: உங்கள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது. கீழே அஞ்சு நட்சத்திரம், எங்கள் சேவையை மதிப்பிடுங்கள்.

ஓ.டி.பி கொடுக்காமலே எப்படித் தீர்ந்துச்சுன்னு திரும்பக் கூப்பிட்டுக் கேட்டேன். இந்தத் தடவை வேற புள்ளை. கம்ப்யூட்டர்ல பார்த்துச் சொல்லுச்சு, "வாடிக்கையாளர் ஒத்துழைக்கவில்லைன்னு போட்டிருக்காங்க சார். பழைய புகார் குளோஸ் ஆயிடுச்சு. புதுசா ஒண்ணு பதிஞ்சுக்கறேன், 48 மணி நேரத்துல வருவாங்க."

இந்த இடத்துலதான் எனக்கு விளங்குச்சு. பதினோராவது நாள் எனக்கு. அவங்க கம்ப்யூட்டருக்கு முதல் நாள். பழைய புகார் தீர்ந்தது, புதுப் புகார் இப்பத்தான் வந்தது. மேல உட்கார்ந்திருக்கிற பெரியவர் மாசக் கடைசியில பார்க்கிற கணக்குல ரெண்டு புகார் வந்து ரெண்டும் தீர்ந்ததா இருக்கும். என் வெங்காயம் காய்ஞ்ச நாள் எந்தக் கட்டத்துலயும் வராது. ஒரு ஆள் கூட பொய் சொல்லலை பாருங்க. போன்ல பேசின புள்ளை பொய் சொல்லலை, பைக்ல வந்த தம்பி பொய் சொல்லலை. எல்லாரும் உண்மையைத்தான் சொன்னாங்க, கூட்டிப் பார்த்தா மொத்தமும் பொய்.

மோட்டாரைத் தூக்கி, பிக்கப் வண்டியில ஏத்தி கோயமுத்தூர் கொண்டுபோனேன். அங்க பிரிச்சுப் பார்த்துட்டு ஒரு காகிதம் கொடுத்தாங்க. குறைந்த மின்னழுத்தத்தால் காயில் எரிந்தது, வாரண்ட்டியில் சேராது. மூணு ஃபேஸ்ல 415 வோல்ட் வரணும். டிரான்ஸ்ஃபார்மருக்குக் கடைசி காட்டுக்காரன் நான், எங்களுக்கு எப்பவும் குறைச்சலாத்தான் வரும். தமிழ்நாட்டுல பாதிக் காட்டுல இதே கதைதான், இது கம்பெனிக்குத் தெரியாதா? தெரியும். எப்படித் தெரியும்னா, மோட்டார் வந்த பெட்டி மேல அவங்களே பெரிய எழுத்துல அச்சடிச்சிருக்காங்க, குறைந்த வோல்டேஜிலும் சிறப்பாக இயங்கும்னு. விக்கிறப்ப பெட்டியில இருக்கிறது, ரிப்பேர்னு போறப்ப வாரண்ட்டி அட்டையில காணோம். அட்டையைப் பூதக்கண்ணாடி வெச்சுத்தான் படிக்க முடியும், அது வேற.

பெங்களூர்ல ஐ.டி வேலை பார்க்கிற என் அக்கா மகன்கிட்ட இதைச் சொன்னேன். மாமா, அந்தப் பெட்டியையும் காகிதத்தையும் போட்டோ எடுத்து அனுப்புங்கன்னான். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு, கம்பெனி பேரோட எக்ஸ் தளத்துல போட்டான். ரெண்டு மணி நேரம். ரெண்டே மணி நேரத்துல எனக்குப் போன் வருது, பேசறவர் மேனேஜராம். "ஐயா, சிரமத்துக்கு வருந்தறோம்." மூணு நாள்ல காயில் கட்டி, இலவசமா, மோட்டாரை அவங்க வண்டியிலயே காட்டுக்குக் கொண்டுவந்து இறக்கினாங்க. மொத்தம் 23 நாள்.

எல்லாரும் நல்லதாப் போச்சுன்னாங்க. எனக்கு அன்னிக்கு வந்த கோவம் முன்னாடி 20 நாள்லயும் வரலை. ஏன்னா அப்ப ஆள் இருக்கு. முடிவெடுக்கிற மேனேஜர் இருக்கார், மோட்டார் ஏத்தற வண்டி இருக்கு, மூணு நாள்ல கட்டிக் கொடுக்கிற கைவேலைக்காரர் இருக்கார். வாரண்ட்டியில சேராதுங்கிற சட்டமும் ஒரே போன்ல சேர்ந்துடுது. எல்லாம் இருக்கு, எனக்கு இல்லை. நாலு பேர் பார்க்கிற இடத்துல மானம் போனா மட்டும் அவங்களுக்குச் செலவு. மத்தபடி நான் 23 நாள் காய்ஞ்சாலும் 230 நாள் காய்ஞ்சாலும் ஒண்ணுதான். எங்க பக்கத்துக் காட்டுக்காரர் அதே கம்பெனி மோட்டார்தான் வெச்சிருக்கார். அவருக்குப் பெங்களூர்ல அக்கா மகன் இல்லை.

பங்காளி கிணத்துல கெஞ்சி ரெண்டு தண்ணி பாய்ச்சினேன். அவருக்கும் பயிர் இருக்கே, அதுக்கு மேல கேட்க வாய் வரலை. 60 மூட்டை வர வேண்டிய இடத்துல 34 மூட்டை, அதுவும் பொடிசு. 26 மூட்டை, 50 கிலோ கணக்குல, அன்னிக்குக் கிலோ 28 ரூபாய். 36,400 ரூபாய் ஆகுது, கிட்டத்தட்ட இன்னொரு மோட்டார். அதைக் கேட்டா, பின்விளைவு நஷ்டத்துக்குக் கம்பெனி பொறுப்பல்லன்னு அதே அட்டையில இருக்கு.

சட்டம் இருக்கேன்னு படிச்சவங்க சொல்லுவீங்க. இருக்கு, நல்ல சட்டம்தான். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கிற மாவட்டத்துலயே வழக்குப் போடலாம், கம்பெனி இருக்கிற ஊருக்கு அலைய வேண்டாம். 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது. வக்கீல் இல்லாமலும் போகலாம். விவசாயி தொழிலுக்காக வாங்கறான், அவன் நுகர்வோரே இல்லைன்னு முன்னாடி வாதாடிப் பார்த்தாங்க. விதை வாங்கின விவசாயியும் நுகர்வோர்தான்னு தேசிய விதைக் கழகம் சம்பந்தப்பட்ட வழக்குல 2012-ல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. வழக்குக்கு முன்னாடி 1915-க்குப் போன் பண்ணியும் புகார் சொல்லலாம். எல்லாம் சரி. ஆனா எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போன நாள்ல இருந்து 3 மாசத்துல தீர்ப்புச் சொல்லப் பார்க்கணும், பொருளைச் சோதிக்க வேண்டியிருந்தா 5 மாசம்னு சட்டமே சொல்லுது. சின்ன வெங்காயம் 70 நாள் பயிர். சட்டம் சொன்ன தேதியிலேயே எல்லாம் நடந்தாலும் என் பயிர் அதுக்குள்ள அறுவடையாகி, வித்து, அந்தக் காசும் செலவாகியிருக்கும்.

அப்ப என்னதான் வழின்னா, வழி ஏற்கனவே நாட்டுல இருக்கு. ஏ.டி.எம்-ல கணக்குல பணம் கழிஞ்சு, கைக்கு நோட்டு வராமப் போறது உங்களுக்கும் நடந்திருக்கும். அதுக்கு ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர்ல ஒரு உத்தரவு போட்டுது. 5 நாளுக்குள்ள பணத்தைத் திருப்பிக் கணக்குல போடணும். தாண்டினா ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் வங்கி கொடுக்கணும். வாடிக்கையாளர் புகார் கொடுக்கிற வரைக்கும் காத்திருக்காம வங்கியே அதைக் கணக்குல சேர்க்கணும். மன்னிப்புக் கேட்கச் சொல்லலை, நட்சத்திரம் கேட்கச் சொல்லலை. தாமதத்துக்கு ஒரு விலை வெச்சாங்க, அதையும் யார் தாமதம் பண்றாங்களோ அவங்க தலையில வெச்சாங்க.

இதையே மோட்டாருக்கு வைங்க. ஃப்ரிட்ஜுக்கு வைங்க, வாஷிங் மெஷினுக்கு வைங்க. 48 மணி நேரம்னு சொன்னது நானா? அவங்களே சொன்ன கெடு அது. அந்தக் கெடு தாண்டின ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய். எனக்கு 2,100 ரூபாய் வந்திருக்கும். என் நஷ்டத்துக்கு அது உறை போடக் காணாது. ஆனா என்னை மாதிரி ஆயிரம் பேருக்கு நாள்தோறும் எழுதற நிலைமை வந்தா, அந்த மேனேஜர் எங்களையெல்லாம் தானாவே கூப்பிடுவார்.

விலை ஏறிடுமேன்னு ஒரு நண்பர் சொன்னார். மலிவா வேணும்னா சேவை குறையத்தான் செய்யும்னார். ஏனுங்க, 38,000 ரூபாய்ல சர்வீஸ் சேரலைன்னா அதை விக்கிறப்பவே சொல்லட்டும். சொல்ல மாட்டாங்க. அதைவிட, கூடுதல் வாரண்ட்டின்னு தனியா ஒண்ணு விக்கிறாங்களே, அது என்ன? முதல்ல காசு வாங்கினப்பவே செய்யறதாச் சொன்ன வேலையைச் செய்ய ரெண்டாவது தடவை காசு.

பழைய காலம் தேன்பாலாறா ஓடுச்சுன்னும் நான் சொல்லலை. வீட்டுக்குப் போன் கேட்டு எழுதிக் கொடுத்துட்டு வருஷக்கணக்கா உட்கார்ந்திருந்தது எனக்கு ஞாபகம் இருக்கு. ஆனா அப்ப லைன்மேன் யாருன்னு தெரியும். சந்தையில பார்த்தா சட்டையைப் பிடிக்காட்டியும் நேரா மூஞ்சியைப் பார்த்துக் கேட்க முடியும். இப்ப கேட்கிறதுக்கு மூஞ்சியே இல்லை.

இந்தப் பக்கத்தைப் படிக்கிறவங்கள்ல பாதிப் பேர் சென்னை, பெங்களூர்ல கம்ப்யூட்டர் வேலையில இருக்கீங்கன்னு எனக்குத் தெரியும், கடுதாசி போடறீங்களே. உங்கள்ல யாரோ ஒருத்தர்தான் இந்தப் புகார் கணக்கெல்லாம் எழுதற மென்பொருளைச் செய்யறீங்க. உங்ககிட்ட ஒண்ணு கேட்கறேன். அதே மோட்டார், அதே சீரியல் நம்பர், பத்து நாளுக்குள்ள ரெண்டாவது தடவை புகார் வந்தா, அதைப் புதுசுன்னு எண்ணாம, முதல் புகார் வந்த தேதியில இருந்தே எண்ணற மாதிரி எழுதிடுங்க. மேல இருக்கிறவர் யார் இப்படி எழுதச் சொன்னதுன்னு கேட்டா, தாராபுரத்துக்குத் தெற்கே ஒரு வெங்காயக்காரர் சொன்னார்னு சொல்லுங்க.