ஓ.டி.பி. சொன்னா பொருள் வந்துடுச்சுன்னு அர்த்தமா?

எங்க வகுப்புல கொஞ்ச நாளா ஒரு புது சடங்கு நடக்குது. யாருக்காவது விலை கூடின சாமான் ஆன்லைன்ல வந்தா நாலு பேரு கூடிடுவாங்க. ஒருத்தன் கத்திரிக்கோல் பிடிப்பான், ஒருத்தன் செல்போன்ல வீடியோ எடுப்பான். மூணாவது ஆள் "டேய், லேபிளைக் காட்டு... இப்ப அடிப்பக்கம்... கையை எடுடா" என்று டைரக்ஷன் பண்ணுவான். கல்யாண வீட்டு வீடியோகிராபர் தோத்தார் போங்க. நாலாவது ஆள் சும்மா வேடிக்கை. (பெரும்பாலும் அது நான்தான்.)

இந்த வீடியோ எதுக்கு? காசு கொடுத்து வாங்கினவன் தான் திருடன் இல்லைன்னு நிரூபிக்கறதுக்கு! முழுப் பணத்தையும் முன்னாடியே கட்டினவன் சாட்சியோட தயாரா நிக்கணும். பணத்தை வாங்கி பையில போட்டவன் ஒண்ணும் நிரூபிக்க வேண்டாம். இதை நாம எல்லாரும் சிரிச்சுக்கிட்டே ஏத்துக்கிட்டோம் பாருங்க, அதுதான் எனக்குத் தாங்கலை.

பி.காம். படிக்கிற பாவத்துக்கு வணிகச் சட்டம்னு ஒரு பேப்பர் இருக்கு. பரீட்சைக்கு முந்தின ராத்திரி ஜெராக்ஸ் நோட்ஸை மனப்பாடம் பண்ணி மறுநாள் மத்தியானமே மறந்த பேப்பர். அதுல 1930-ஆம் வருஷத்து சரக்கு விற்பனைச் சட்டம் வந்துச்சே, பிரிவு 41 ஞாபகம் இருக்கா? வாங்குறவர் முன்னாடி பார்க்காத சரக்கு கைக்கு வந்தா, அது பேசினபடி இருக்கான்னு பார்க்க நியாயமான வாய்ப்பு கிடைக்கிற வரைக்கும் அவர் அதை ஏத்துக்கிட்டதா ஆகாது. வேற மாதிரி பேசி வச்சுக்கலைன்னா, வாங்குறவர் கேட்டதும் விக்கிறவர் அந்த வாய்ப்பைக் கொடுத்தே ஆகணும்.

1930-ல எழுதினது. மாட்டு வண்டியில மூட்டை போன காலம்.

இது புத்தகத்துல மட்டும் இருக்கிற விஷயமும் இல்லைங்க. நம்ம டெல்டாவுல எந்த நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு வேணும்னாலும் போய்ப் பாருங்க. விவசாயி ராத்திரி பகலா கண் முழிச்சு நெல்லைக் காவல் காத்துட்டு நிப்பார். ஆனா ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டினா மூட்டையை எடுக்க மாட்டாங்க (மழைக் காலத்துல டெல்லியில இருந்து தளர்வு வந்தா உண்டு). மெஷின்ல போட்டுப் பார்த்து, தூசு பார்த்து, எடை போட்டு, அப்புறம்தான் ரசீது. அரசாங்கம் வாங்குறவரா நிக்கும்போது பார்த்துட்டுத்தான் வாங்குது. நீங்களும் நானும் வாங்குறவரா நிக்கும்போது மட்டும் "முதல்ல நம்பரைச் சொல்லு, அப்புறம் பிரிச்சுக்க". ஏன்?

ஓ.டி.பி. எதுக்கு அத்தாட்சி? சரியான ஆள்கிட்ட ஒரு பெட்டி கை மாறிச்சு, அதுக்கு மட்டும்தான். பெட்டிக்குள்ள செல்போன் இருந்துச்சா செங்கல் இருந்துச்சான்னு அந்த நம்பருக்கு எப்படித் தெரியும்? ஆனா புகார் கொடுத்துப் பாருங்க. "சார், ஓ.டி.பி. கொடுத்திருக்கீங்களே, பொருள் நல்ல நிலையில டெலிவரி ஆனதா பதிவாகி இருக்கு" என்று தேன் மாதிரி பதில் வரும். கை மாறினதுக்கான சாட்சியை, பொருள் சரியா இருந்ததுக்கான சாட்சியா மாத்திட்டாங்க. மொத்த வில்லங்கமும் இந்த ஒரு இடத்துலதான்.

எனக்கு நடந்ததைச் சொல்றேன். கம்பெனி பேர் வேண்டாம், எல்லாம் ஒரே குட்டையில ஊறின மட்டைதான். லேப்டாப், 38,990 ரூபாய். பாதி சிங்கப்பூர்ல இருக்கிற பெரியத்தா கொடுத்தது, மீதி நான் ரெண்டு வருஷம் டியூஷன் எடுத்து சேர்த்தது. மூணு நாள் தொடர்ந்து "வாடிக்கையாளர் வீட்டில் இல்லை" என்று மெசேஜ். அம்மா வாசல்லயே உட்கார்ந்திருந்தாங்க. நாலாவது நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு போன். "தம்பி, லெட்சுமாங்குடி பக்கம் நிக்கிறேன், வந்து வாங்கிக்கிறியா?" போனேன். பெட்டியில ரெண்டு கலர்ல டேப் ஒட்டி இருக்கு. பிரிச்சுப் பார்த்துட்டு நம்பர் சொல்றேண்ணேன்னு கேட்டேன். "எனக்கு ஒண்ணும் இல்லப்பா, மேல என் ஐடியை முடக்கிடுவாங்க"ன்னார். பாவமா இருந்துச்சு. சொன்னேன். தெருவிளக்குக்குக் கீழ வீடியோ எடுத்துக்கிட்டே பிரிச்சேன். திரையில மூலையில இருந்து ஒரு விரிசல், சார்ஜர் கிடையாது.

அதுக்கப்புறம் 34 நாள். கடைக்காரர் "கூரியரைக் கேளுங்க", கூரியர் "எங்களுக்கு உங்களோட ஒப்பந்தமே இல்லையே, விக்கிறவரைக் கேளுங்க". வீடியோ அனுப்பினா, நடுவுல ரெண்டு நொடி லேபிள் மறைஞ்சிருக்காம், செல்லாதாம்! கடைசியில அஞ்சாவது புகாருக்கு மாத்திக் கொடுத்தாங்க. ஏன் அஞ்சாவதுக்கு கொடுத்தாங்க, ஏன் முதல் நாலுக்கு கொடுக்கலைன்னு இன்னைக்கு வரைக்கும் யாரும் சொல்லலை.

இத்தனைக்கும் எங்க ஊருக்கு பார்சல் ஒண்ணும் புதுசு இல்லை. கூத்தாநல்லூரை சின்ன சிங்கப்பூர்னு சொல்லுவாங்க. தலைமுறை தலைமுறையா மலேயா, சிங்கப்பூர், அப்புறம் வளைகுடான்னு போய் சம்பாதிச்ச ஊரு. டேப் ரிக்கார்டர்ல இருந்து தைலம் வரைக்கும் கடல் தாண்டித்தான் வந்துச்சு. யார் கொண்டு வந்தா? ஊருக்கு வர்ற சபுராளி. இல்லைன்னா "குருவி". புதுசா வந்தவங்களுக்காக: குருவின்னா விமானத்துல அடுத்தவங்க சாமானைச் சுமந்துட்டுப் போய் வர்றதையே தொழிலா வச்சிருக்கிறவர். சுங்கக்காரங்க கண்ணுல அது என்ன தொழில்ங்கிறது வேற கதை, அதை நான் நியாயப்படுத்தலை. ஆனா அவருக்கு ஒரு முகம் இருந்துச்சு. சாமான்ல ஒண்ணு குறைஞ்சா எந்தத் தெருவுல எந்த வீட்டுக் கதவைத் தட்டணும்னு தெரியும். இப்ப எந்தக் கதவு? பெங்களூர்ல ஒரு சாட் ஜன்னல். "உங்கள் வருத்தம் எங்களுக்குப் புரிகிறது"ன்னு இயந்திரம் சொல்லுது. அதுக்கு என்ன புரியும்?

சரி, சட்டத்துக்கு வருவோம். கொஞ்சம் பொறுமையா படிங்க.

1865-லயே சரக்கு சுமக்கிறவங்களுக்குன்னு இந்தியாவுல ஒரு சட்டம் வந்துச்சு. அதோட 9-ஆம் பிரிவு, சரக்கு தொலைஞ்சா வழக்கு போடுறவர் சுமந்தவரோட கவனக்குறைவை நிரூபிக்கத் தேவையில்லைன்னு சொல்லுச்சு. நியாயம்தானே? வழியில என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்ச ஒரே ஆள் சுமந்தவர். அந்தச் சட்டத்துக்குப் பதிலா 2007-ல சாலைவழி சரக்குப் போக்குவரத்துச் சட்டம் வந்தப்பவும் இதை எடுக்கலை. ஆனா ஒரு கையால கொடுத்ததை இன்னொரு கையால வாங்கிட்டாங்க. அனுப்புறவர் கூடுதல் ரேட் கட்டி அதிகப் பொறுப்பு கேட்டு வாங்கலைன்னா, நஷ்ட ஈடு சுமைக்கூலியில 10 மடங்குதான்னு 2011 விதிகள்ல உச்சவரம்பு. நம்ம பாஷையில கணக்கு போட்டா: கூலி 80 ரூபாய்னா நஷ்ட ஈடு 800. என் லேப்டாப்போட மூலை கூட வராது.

கூரியர் ரசீதோட பின்பக்கத்தை என்னைக்காவது படிச்சிருக்கீங்களா? எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்குமே, அதேதான். அதுக்கு உச்ச நீதிமன்றமே முத்திரை குத்தியிருக்கு. பாரதி நிட்டிங் கம்பெனி, டிஹெச்எல் மேல போட்ட வழக்கு, 1996 தீர்ப்பு. ஜெர்மனிக்கு ஆயத்த ஆடை அனுப்பினவங்க, அதுக்கான ஆவணங்களை கூரியர்ல அனுப்பினாங்க. அது போய்ச் சேரலை. மாநில ஆணையம் 4 லட்சத்துக்கும் மேல கொடுக்கச் சொன்னுச்சு. தேசிய ஆணையம், ரசீதுல போட்டிருக்கிற 100 டாலர்தான்னு குறைச்சுது. நீங்க கையெழுத்து போட்ட ஒப்பந்தம் உங்களைக் கட்டுப்படுத்தும்னு உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செஞ்சுது. ரெண்டு வியாபாரிகளுக்கு நடுவுல அது சரியாவே இருக்கட்டும். செல்போன்ல "ஒப்புக்கொள்கிறேன்" கட்டத்தைத் தட்டுற நமக்கும் அதே அளவுகோலா?

தபால் ஆபீஸ் இன்னும் மேல. அவங்களுக்கு ரசீது பின்பக்கமே தேவையில்லை, சட்டமே போட்டு வச்சிருக்காங்க. 1898 சட்டத்தோட 6-ஆம் பிரிவு, தொலைஞ்சாலும் தாமதமானாலும் பொறுப்பில்லைன்னு சொல்லுச்சு, இன்ஷூர் பண்ணினது மாதிரி சில விதிவிலக்கு தவிர. 2024 ஜூன்ல அமலுக்கு வந்த புது அஞ்சல் சட்டமும், விதிகள்ல சொன்னதைத் தவிர வேற பொறுப்பு கிடையாதுன்னு அதே பாட்டைத்தான் பாடுது. வெள்ளைக்காரன் போனான், பிரிவு போகலை.

"எங்கயோ ஒண்ணு ரெண்டு நடக்கும்பா, நீ ஓவரா சீன் போடாத"ன்னு சொல்றவங்களுக்கு: 2021 அக்டோபர்ல கேரளா ஆலுவாவுல ஒருத்தர் 70,000 ரூபாய்க்கு மேல முன்பணமா கட்டி ஐபோன் வாங்கினார். பெட்டிக்குள்ள பாத்திரம் தேய்க்கிற சோப்பும் ஒரு அஞ்சு ரூபாய் காசும். (சில்லறை கொடுத்திருக்காங்க, நேர்மை!) சைபர் போலீஸ் அந்த போனோட ஐ.எம்.இ.ஐ. நம்பரை வச்சு விசாரிச்சா, அது அவர் ஆர்டர் போடறதுக்கு முன்னாடியே ஜார்கண்ட்ல ஓடிட்டு இருந்திருக்கு. அவருக்குப் பணம் திரும்பி வந்துச்சு. ஏன்னா வீடியோ எடுத்திருந்தார், போலீசுக்குப் போனார், பேப்பர்ல வந்துச்சு. கவனிங்க, கதவைத் தட்டின பையனுக்கும் அந்தத் திருட்டுக்கும் சம்பந்தமே இல்லை. பொருள் அவன் கைக்கு வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே போயிடுச்சு.

அதனால தயவுசெஞ்சு டெலிவரி பசங்க மேல பாயாதீங்க. ஒரு பார்சலுக்கு இவ்வளவுன்னு கூலி, பெட்ரோல் அவங்க காசு, பெட்டி தொலைஞ்சா பழி அவங்க தலையில. 2023 பிப்ரவரியில கர்நாடகா அரசிகெரேயில, ஆர்டர் போட்ட ஐபோனுக்குக் கொடுக்கக் காசில்லாத ஒருத்தன் கொண்டு வந்த பையனையே கொன்னான். விலை உயர்ந்த பெட்டியைத் தூக்கிட்டுத் தெரியாத வீட்டுக் கதவைத் தட்டுறது எவ்வளவு ஆபத்துன்னு நமக்கு உறைக்கவே இல்லை. தமிழ்நாட்டுல 2023 கடைசியில இவங்களுக்குன்னு நல வாரியம் அமைச்சாங்க, நல்லது. ஆனா "பிரிச்சுக் காட்டினா என் ஐடி போயிடும்"ங்கிற பயத்தை எந்த வாரியம் போக்கும்? கதவுக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவரும் ஒருத்தரை ஒருத்தர் சந்தேகமாப் பார்த்துட்டு நிக்கிறோம். நிக்க வச்சவன் சாட் ஜன்னலுக்குப் பின்னாடி.

என்ன பண்ணலாம்? பெரிய வித்தை எல்லாம் வேண்டாம். பார்சலை கிளம்புற இடத்துல எடை போடுறாங்க, நடுவுல போடுறாங்க. கூலியைக் கூட்ட நீளம், அகலம், உயரம் பெருக்கி 5000-ஆல வகுத்து கன எடை வரைக்கும் கணக்குப் போடத் தெரியுது. அந்த எடையை எல்லாம் எனக்கும் காட்டு. 2.1 கிலோவா கிளம்பினது மன்னார்குடி வரும்போது 1.6 ஆச்சுன்னா எங்க குறைஞ்சதுன்னு சின்னப் புள்ளைக்குக் கூட தெரியும், வீடியோவே தேவையில்லை. அப்புறம், விலை கூடின பொருள்னா கதவுலயே பிரிச்சுப் பார்த்துட்டு அப்புறம் ஓ.டி.பி. பெரிய கம்பெனிகள் சில ஊர்ல, சில பொருளுக்கு இதைச் செய்யறாங்க. அப்ப முடியாத காரியம் இல்லை. நம்ம ஊர் பின்கோடு அடிச்சாத்தான் முடியாமப் போகுது.

அதுவரைக்கும் நம்ம கையில இருக்கிறது: 2020 மின்வணிக விதிகள்படி புகாரை 48 மணி நேரத்துல பெற்றுக்கிட்டதாச் சொல்லணும், ஒரு மாசத்துல தீர்க்கணும். குறையுள்ள பொருளையும், சொன்ன தேதிக்குப் பிந்தி வந்ததையும் திருப்பி எடுக்க மாட்டேன்னு விக்கிறவர் சொல்ல முடியாது. நான் இந்த விதியோட பேரைத் தமிழ்லயும் இங்கிலீஷ்லயும் எழுதினது அந்த அஞ்சாவது புகார்லதான், என்ன மாயமோ :-). 1915-க்கு போன் போடலாம். அதுக்கும் மசியலைன்னா, 2019 நுகர்வோர் சட்டப்படி நாம குடியிருக்கிற இடத்துலயே வழக்கு போடலாம், அதாவது பெங்களூருக்கு ஓட வேண்டாம், திருவாரூர் மாவட்ட ஆணையம் போதும். 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது, வக்கீல் வச்சே ஆகணும்னும் இல்லை.

ஒரே ஒரு ஓட்டை. "இந்த ஓ.டி.பி. நிபந்தனையே அநியாயமான ஒப்பந்தம்"னு நேரடியா வழக்கு போடணும்னா அதை மாவட்ட ஆணையம் எடுக்காது, மாநில ஆணையத்துக்குப் போகணும். அது சென்னையில. சட்டம் முடிச்சுட்டு மன்னார்குடி, திருவாரூர் கோர்ட்டுல ஜூனியரா இருக்கிற எங்க காலேஜ் சீனியர்கள் யாராவது இதைப் படிச்சா, கேஸ் கட்டு தூக்க நான் ரெடி. பஸ் காசும் என்னோடது.