ஓய்வுக்கு முந்தைய நாற்காலி

அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் முப்பது ஆண்டு அறுவை சிகிச்சை செய்து பேர் வாங்கிய ஒருவர் 59 வயதில் டீன் ஆகிறார் என்று வைத்துக்கொள்வோம். வாழ்த்த வந்தவர்கள் போர்த்திய சால்வைகளை மடித்து வைப்பதற்குள் லிஃப்ட் பழுது, துப்புரவு ஒப்பந்தக்காரரின் பில், ஆக்சிஜன் தொட்டிப் பராமரிப்பு, தலைமைச் செயலகத்தின் காணொலிக் கூட்டம், நள்ளிரவு அவசரப் பிரிவில் உறவினர் தகராறு, தேசிய மருத்துவ ஆணையத்தின் நோட்டீஸ் என்று ஒவ்வொன்றாக வந்து நிற்கும். இவற்றில் ஒன்றைக்கூட அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. தானே தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டு நிமிரும்போது 60 வயதாகிவிடும். அவர் விட்டு வந்த யூனிட்டில், அவர் கையை நம்பி வந்துகொண்டிருந்த நோயாளிகள் அதற்குள் வேறு கை தேடிப் போயிருப்பார்கள்.

தேர்ந்த சர்ஜன் ஒருவரைக் கொடுத்துவிட்டு அரைகுறை நிர்வாகி ஒருவரை வாங்குகிறோம். அந்த நிர்வாகியும் தேறிவரும் நேரத்தில் வீட்டுக்கு அனுப்பப்படுகிறார். இதில் தனிமனிதர் மீது குறை சொல்ல எதுவும் இல்லை. பணிமூப்புப் பட்டியல் அப்படித்தான் வேலை செய்கிறது.

தமிழ்நாட்டில் அரசு மருத்துவரின் பாதை ஓரளவு நேர்கோடு. எம்.பி.பி.எஸ். முடித்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேர்கிறார். சில ஆண்டுகள் கழித்து, அரசுப் பணியில் இருப்பவர்களுக்கான சர்வீஸ் கோட்டாவில் பி.ஜி. படிக்கிறார். (அந்த ஒதுக்கீட்டைத் தரும் அதிகாரம் மாநிலங்களுக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2020 ஆகஸ்டில் உறுதிசெய்தது, அதற்கான வழக்கை நடத்தியதில் தமிழக அரசு மருத்துவர் சங்கத்துக்குப் பெரும் பங்கு உண்டு.) அதன் பின் மருத்துவக் கல்லூரிப் பக்கம் வந்து உதவிப் பேராசிரியர், இணைப் பேராசிரியர், பேராசிரியர் என ஏறுகிறார். இந்த ஏணியின் கடைசிப் படியில் திடீரென்று வேறொரு தொழில் காத்திருக்கிறது. அதுவரை ஏறிய எந்தப் படியும் அதற்கு அவரைத் தயார்செய்ததில்லை.

2022 ஜனவரியில் ஒரே நாளில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டு மொத்தம் 36 ஆன பிறகு இந்தக் குறை அப்பட்டமாகத் தெரிந்தது. 2024-இல் பத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகளில் டீன் இடம் காலியாக இருந்து, பொறுப்பு முதல்வர்களை வைத்தே வண்டி ஓடியது. கட்டடம் கட்ட இரண்டு ஆண்டு போதும். அதை நடத்தத் தெரிந்த மருத்துவரை உருவாக்கப் பதினைந்து ஆண்டு வேண்டும் என்பதை யாரும் திட்டத்தில் சேர்க்கவில்லை.

சிகிச்சை, கற்பித்தல், நிர்வாகம் மூன்றும் ஒரே ஆளிடம் சேர முடியாதா? சென்னையே இதற்குப் பதில் சொல்லியிருக்கிறது. மகப்பேறு மருத்துவரான ஆற்காடு லட்சுமணசுவாமி முதலியார் 1939-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் முதல் இந்திய முதல்வர் ஆனார். 1942 முதல் 27 ஆண்டுகள் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தார். அவர் எழுதிய மகப்பேற்று மருத்துவப் பாடநூலைத் தலைமுறை தலைமுறையாக மாணவர்கள் படித்தார்கள். 1961-இல் உலக சுகாதாரப் பேரவைக்குத் தலைமை வகித்தார். அவர் அசாதாரண மனிதர் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் முதல்வர் நாற்காலி அவருக்கு ஓய்வுக்கு முந்தைய மரியாதையாக வரவில்லை. 51 வயதில், செய்து பார்க்கக் காலம் மிச்சமிருந்தபோது வந்தது.

அவர் தலைமையிலான குழு ஐ.ஏ.எஸ். மாதிரியில் அகில இந்திய சுகாதாரப் பணி ஒன்று வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1963-இல் அகில இந்தியப் பணிகள் சட்டம் திருத்தப்பட்டு, பொறியாளர், வனம், மருத்துவ-சுகாதாரம் என மூன்று புதிய பணிகளுக்கு இடம் ஒதுக்கப்பட்டது. வனப்பணி 1966-இல் பிறந்தது. மற்ற இரண்டும் ஏட்டோடு நின்றுவிட்டன. ஆக, புலிக்குக் கிடைத்த தனிப் பணி நோயாளிக்குக் கிடைக்கவில்லை. என்னைக் கேட்டால், அது வராமல் போனதில் தமிழ்நாட்டுக்குப் பெரிய நஷ்டம் இல்லை. டெல்லியிலிருந்து ஆட்டுவிக்கப்படும் இன்னொரு பணி வந்திருந்தால், இங்கே தனித்தன்மையோடு வளர்ந்த ஒன்று கருகியிருக்கும்.

வளர்ந்த அந்த ஒன்று பொது சுகாதாரத் துறை. 1922-இல் தோன்றிய இந்த இயக்ககத்துக்கு 1939-இல் நாட்டிலேயே முதன்முறையாக ஒரு பொது சுகாதாரச் சட்டமும் கிடைத்தது. இங்கே மாவட்ட அளவில் பொறுப்பேற்க எம்.பி.பி.எஸ். மட்டும் போதாது. பொது சுகாதாரத்தில் தனியே பட்டயமோ பட்டமோ படித்திருக்க வேண்டும். கொசு, குடிநீர்க் குளோரின், தடுப்பூசிக் குளிர்சாதனச் சங்கிலி, காய்ச்சல் கணக்கெடுப்பு, ஊழியர் பணியமர்வு, நிதி எல்லாமே மாவட்ட சுகாதார அதிகாரியின் அன்றாட வேலை. நாற்பது வயதுக்கு முன்பே நிர்வாகம் தொடங்கிவிடுகிறது. இயக்குநர் ஆகும்போது அவருக்குக் கோப்பு புதிதல்ல. பிற மாநிலங்களில் பல ஆண்டு மயக்க மருந்து கொடுத்தவரோ எலும்பு முறிவுக்குக் கட்டுப்போட்டவரோ பணிமூப்பில் திடீரென மாவட்ட சுகாதார அதிகாரி ஆவது சாதாரணம். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகக் கடலோரத்தில் பெரிய கொள்ளைநோய் எதுவும் பரவாததற்குப் பின்னால் இந்த அமைப்பு இருந்தது. 2009-இல் உலக வங்கி வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை தமிழகத்தின் இந்தத் தனிப்பிரிவை எடுத்துக்காட்டாகச் சொன்னது. 2017 தேசிய சுகாதாரக் கொள்கை எல்லா மாநிலங்களுக்கும் இதைப் பரிந்துரைத்தது. பரிந்துரைக்கப்பட்ட பாடத்தை நம் மருத்துவக் கல்வி இயக்ககம் மட்டும் பக்கத்து அறையிலிருந்து கேட்டுக்கொள்ளவில்லை.

மருத்துவரிடம் எதற்கு நிர்வாகத்தைக் கொடுக்க வேண்டும், ஐ.ஏ.எஸ். அதிகாரிகள் செய்யமாட்டார்களா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தை ஐ.ஏ.எஸ். அதிகாரிகள்தான் நடத்தினார்கள். மையக் கொள்முதல், ஒவ்வொரு மருத்துவமனைக்கும் பாஸ்புக், வெளி ஆய்வகங்களில் தரப் பரிசோதனை என்று அவர்கள் கட்டிய முறையைப் பல மாநிலங்கள் வந்து பார்த்துப் போயின. மருந்து வாங்குவதும் கிடங்கு நடத்துவதும் நிர்வாகக் கலை; அதில் மருத்துவர் கட்டாயமில்லை. ஆனால் மருத்துவமனை கிடங்கு அல்ல. எந்த அறுவை அரங்கை இரண்டாவது ஷிப்டுக்குத் திறப்பது, எந்தத் துறைக்குப் படுக்கையைக் குறைப்பது, இறப்பு விகிதம் ஏறியதற்கு ஆள் பற்றாக்குறை காரணமா அலட்சியம் காரணமா என்பதை வார்டில் நின்றவர்தான் சட்டென்று பிடிக்க முடியும். அமெரிக்காவின் முன்னணி மருத்துவமனைகளை ஆராய்ந்து அமாண்டா குடால் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், மருத்துவர் தலைமை வகித்த மருத்துவமனைகளின் தர மதிப்பெண் சுமார் 25 சதவீதம் கூடுதலாக இருந்தது. மருத்துவர் தலைமைதான் அதற்குக் காரணம் என்று அந்த ஆய்வு நிரூபித்துவிடவில்லை. நல்ல மருத்துவமனைகள் மருத்துவரைத் தேர்ந்தெடுத்திருக்கலாம். ஆனாலும் யோசிக்க வைக்கும் எண் அது.

இங்கே மதுரையைப் பார்க்காமல் நகர முடியாது. ஜி. வெங்கடசாமி மதுரை மருத்துவக் கல்லூரியில் இருபது ஆண்டு கண் மருத்துவத் துறைத் தலைவர். முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன நிலையிலும் தனக்கென்று கருவிகளைப் பழக்கிக்கொண்டு, வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தவர். அரசுப் பணியில் இருந்தபோதே கிராமங்களுக்குக் கண் முகாம்களைக் கொண்டுபோனார். ஆனால் ஒரு மருத்துவமனையையே தன் எண்ணப்படி அமைத்துப் பார்க்க அவருக்கு வாய்த்தது 1976-இல் ஓய்வு பெற்ற பிறகுதான், 11 படுக்கைகளோடு.

அப்படிப் பிறந்த அரவிந்த் கண் மருத்துவமனையின் ரகசியம் என்று மேலாண்மைப் பள்ளிகள் பாடம் எடுப்பது உண்மையில் அறுவை மேசையிலிருந்து பிறந்த எண்ணம். சர்ஜனின் நேரம் எங்கே வீணாகிறது? ஒரு நோயாளியை இறக்கி அடுத்தவரை ஏற்றும் இடைவெளியில். எனவே இரண்டு மேசை. ஒன்றில் அறுவை நடக்கும்போதே அடுத்த மேசையில் நோயாளி தயார். சர்ஜன் மட்டுமே செய்யக்கூடியது சர்ஜனுக்கு. மற்றதெல்லாம் கிராமங்களிலிருந்து எடுத்துப் பயிற்றுவிக்கப்பட்ட பெண்களுக்கு. இதை வெளியிலிருந்து வந்த ஆலோசகர் எவரும் எழுதித் தரவில்லை. அதேசமயம், மருத்துவரல்லாத, கொல்கத்தா ஐ.ஐ.எம்.மில் படித்த துளசிராஜ் 1980-களின் தொடக்கத்தில் வந்து சேர்ந்து எண்களையும் முறைகளையும் கட்டமைத்தார். 1992-இல் ஆரோலேப் தொடங்கி உள்விழி லென்ஸை ஏழைக்கு எட்டும் விலைக்கு இறக்கினார்கள். மருத்துவரின் கண்ணும் மேலாளரின் கணக்கும் ஒரே மேசையில் உட்கார்ந்த இடம் அது. அந்த மேசை அரசு வளாகத்துக்குள் போடப்படாமல் போனது யாருடைய இழப்பு என்று சொல்ல வேண்டியதில்லை.

கல்வியின் கதையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம், அது அத்தனை பெருமையானதல்ல. தேசிய மருத்துவ ஆணையத்தின் விதிப்படி இணைப் பேராசிரியர் ஆவதற்கு நான்கு ஆண்டு அனுபவத்தோடு இரண்டு ஆய்வுக் கட்டுரைகள் வேண்டும். பேராசிரியர் ஆவதற்கும் அனுபவத்தோடு கட்டுரைகள் வேண்டும். காலை ஓ.பி., பிற்பகல் வகுப்பு, இடையில் பி.ஜி. மாணவரின் ஆய்வேடு, மாலையில் தனி கிளினிக் என்று ஓடும் ஒருவர் எப்போது ஆராய்ச்சி செய்வார்? பணம் வாங்கிக்கொண்டு அச்சிடும் இதழ்கள் அந்த இடைவெளியில்தான் பிழைக்கின்றன. ஆராய்ச்சிக்கென்று வாரத்தில் ஒரு நாள் ஒதுக்காமல் கட்டுரையை மட்டும் கேட்பது, கட்டுரைகளை உற்பத்தி செய்யும், ஆராய்ச்சியை அல்ல.

மாலை கிளினிக் என்றதும் பணம் பற்றியும் பேசியாக வேண்டும். தமிழ்நாட்டில் அரசு மருத்துவர் பணி நேரத்துக்கு வெளியே தனியாகப் பார்க்கலாம். டீன் வேலை அந்த மாலைகளைத் தின்றுவிடுகிறது. எனவே கைராசி உள்ளவர்களில் பலர் பதவி உயர்வே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். பெண் மருத்துவர்கள் எழுதிக் கொடுப்பதற்கு வேறு காரணம்: கடைசி இரண்டு ஆண்டுக்காக நானூறு கிலோமீட்டர் தள்ளிப் போக முடியாத வீட்டு நிலைமை. மிஞ்சுவோரிலிருந்து பட்டியல் தயாராகிறது.

பணிமூப்பைத் தூக்கி எறிந்துவிட்டுத் தேர்வுக் குழு வைக்கலாம் என்பது கேட்க நன்றாக இருக்கும். நம் ஊரில் தேர்வுக் குழு என்றால் சிபாரிசுக் கடிதத்துக்கு இன்னொரு பெயர் என்பதை எல்லோரும் அறிவார்கள். பணிமூப்பு மந்தமானது, ஆனால் அதை விலைக்கு வாங்க முடியாது. ஆகவே அதை வைத்துக்கொண்டே வாசலை மாற்றலாம். இணைப் பேராசிரியர் நிலையிலேயே, 45 வயதையொட்டி, விரும்புகிறவர்கள் நிர்வாகப் பாதையைத் தேர்ந்தெடுக்கட்டும். கிண்டியிலுள்ள எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம் ஓராண்டு மருத்துவமனை நிர்வாகப் படிப்பை அவர்களுக்கு நடத்தட்டும். நிலைய மருத்துவ அலுவலர் (ஆர்.எம்.ஓ.), கண்காணிப்பாளர், துணை முதல்வர் பதவிகளில் அவர்கள் பழகட்டும். டீன் பட்டியலில் அவர்கள் மட்டுமே, அவர்களுக்குள் பணிமூப்புப்படி. வாரம் ஒரு நாள் ஓ.பி. பார்ப்பது சலுகையாக அல்ல, கடமையாக இருக்கட்டும். பதவிக்காலம் முடிந்தபின் ஓய்வுக்கு ஆண்டுகள் மிச்சமிருந்தால் பழைய யூனிட்டுக்கே திரும்பட்டும். வேலூர் சி.எம்.சி.யில் துறைகளில் சிகிச்சை பார்த்துக்கொண்டிருந்தவர்களே குறிப்பிட்ட காலத்துக்கு இயக்குநராக வருகிறார்கள். அங்கே வானம் இடிந்து விழவில்லை.

இத்தனையும் ஒரே நேரத்தில் நடக்காது. படிப்பு தொடங்கிப் பலன் தெரியப் பத்து ஆண்டு பிடிக்கும். ஆனால் பட்டியலில் இடம்பெற ஓய்வுக்குக் குறைந்தது மூன்று ஆண்டு மிச்சமிருக்க வேண்டும் என்ற ஒரு வரியை அடுத்த பட்டியலுக்கு முன்பே பணி விதிகளில் சேர்த்துவிடலாம். கடைசிப் படியில் நிற்பவர்கள் நீதிமன்றத்துக்குப் போவார்கள் என்பது உறுதி. அதைத் தவிர அந்த ஒரு வரிக்கு அரசுக்கு ஆகும் செலவு எதுவும் இல்லை.