ஓடும் எஞ்சினும் உறங்கும் ஓட்டுநரும்

தில்லி மாநகரில் அலுவலக வாயில்களிலும் திருமண மண்டபங்களின் அருகிலும் மோட்டார் வண்டியை நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றி, எஞ்சினை ஓடவிட்டு உறங்கும் ஓட்டுநர்களைக் காண்கிறோம். கோடையில் குளிர்ச்சிக்காகவும் மார்கழியில் கதகதப்புக்காகவும் மேற்கொள்ளப்படும் இவ்வழக்கம் உயிருக்கே உலை வைக்கக்கூடியதாகும்.

இவ்வாறு எவரேனும் மாண்டால், குளிர்சாதனத்திலிருந்து விஷவாயு கசிந்தது என்று கூறுவோர் பலர். இது பெரும்பாலும் தவறான கருத்து. எரிபொருள் முற்றிலும் எரியாதபோது உண்டாகும் கார்பன் மோனாக்ஸைடே உண்மைக் காரணம். துருப்பிடித்த புகைக்குழாய் வழியே அது வண்டிக்குள் கசியலாம். மூடிய கொட்டகையில் எளிதில் நிறைந்துவிடும். இவ்வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. குருதியிலுள்ள ஹீமோகுளோபினுடன் இது பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் வலுவாக இணைகிறது. தலைவலி, மயக்கம், குமட்டல் ஆகியவை எச்சரிக்கைக் குறிகள். ஆயினும், உறங்குபவன் அவற்றை எங்ஙனம் உணர்வான்?

2024 ஜனவரியில் தில்லி அலிப்பூர் பகுதியில், மூடிய அறையில் கரியடுப்பு மூட்டி உறங்கிய குடும்பத்தினர் நால்வர் இறந்தனர். அவ்வாண்டு டிசம்பரில் கேரளத்தின் வடகரையில், சாலையோரம் நின்ற கேரவன் வண்டியில் இளைப்பாறிய இருவர் உயிரிழந்தனர். ஜெனரேட்டரின் வாயு உட்புகுந்ததே காரணம் என்று கோழிக்கோட்டுத் தேசியத் தொழில்நுட்பக் கழக வல்லுநர்கள் கண்டனர். அடுப்பு வேறு, எந்திரம் வேறு. கொன்ற வாயு ஒன்றே.

புகையைத் தூய்மையாக்கும் வினையூக்கிக் கருவி தில்லி முதலிய பெருநகரங்களின் புதிய பெட்ரோல் கார்களுக்கு 1995 முதல் கட்டாயமாக்கப்பட்டது. எனினும், அக்கருவி சூடேறும்வரை நன்கு வேலை செய்வதில்லை. கண்ணாடியைச் சிறிது இறக்கி வைப்பதும் போதிய காப்பாகாது. எஞ்சினை நிறுத்துவதே உறுதியான வழி.

ஆசிரியர்கள் எரிதலைப் பற்றிய பாடத்தில் கரியடுப்பையும் காரையும் ஒருங்கே எடுத்துக்காட்ட வேண்டும். களப் பணியாளர்கள் இச்செய்தியை வாடகை வண்டி நிலையங்களுக்கும் கொண்டு செல்லலாம். மயங்கியவரைக் கண்டால், கதவுகளைத் திறந்து எஞ்சினை நிறுத்தி, அவரைத் திறந்த வெளிக்குக் கொணர்ந்து, 112 என்ற எண்ணை உடனே அழைத்தல் வேண்டும். பிராணவாயு அளிப்பதே முதற் சிகிச்சை.

ஆயின், அறிவுரை மட்டும் போதுமா? நாற்பத்தைந்து டிகிரி வெயிலில் எசமானருக்காகக் காத்திருப்பவரை நோக்கி, ‘எஞ்சினை நிறுத்து’ என்று மட்டும் சொல்வது நேர்மையன்று. நிழலும் மின்விசிறியும் உள்ள ஓய்வறை ஒன்றை ஓட்டுநர்களுக்கு ஒதுக்குவது அலுவலகங்களின் கடமை. அதற்காகும் செலவு ஓர் உயிரின் விலைக்கு ஈடாகாது.